கிணற்றில் ஒளிந்த வியாதி

அவ்வைக்கு அதியமான் நெல்லிக்கனி கொடுத்த கதையை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. நீண்ட ஆயுளைத் தரும் அரிய கனியைத் தான் உண்ணாமல் தமிழ் மூதாட்டிக்கு அளித்த அந்த வள்ளலின் தலைநகரம் தகடூர். அந்தத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. ஆயுளை வளர்க்கும் கனிக்குப் பெயர் பெற்ற அந்தச் சீமையில், மனிதனுடைய ஆயுளில் பாதியை வேதனையாக மாற்றிவிடக் கூடிய ஒரு பொருள் கிணறுகளின் அடியில் குடியிருந்து வருகிறது. அதன் பெயர் புளோரைடு. அதனால் உண்டாகும் வியாதிக்குப் புளோரோஸிஸ் என்று பெயர்.

காலராவைப் போல் இது ஊரைக் கலக்கிக் கொண்டு வருவதில்லை. அம்மையைப் போல் முகத்தில் வடு வைத்து விட்டுப் போவதும் இல்லை. ஜுரம் கிடையாது, இருமல் கிடையாது. குடத்தில் உள்ள தண்ணீர் பளிங்கு போல் தெளிவாக இருக்கும். நாவில் வைத்தால் யாதொரு வேறுபாடும் தெரியாது. முப்பது, நாற்பது வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்த பிறகு ஒரு நாள் முதுகு வளைய மறுக்கும். கழுத்து திரும்ப மறுக்கும். அப்போதுதான் மனிதன் வைத்தியரைத் தேடிப் புறப்படுகிறான்.

அங்கேதான் இந்த வியாதியின் விசித்திரம் ஆரம்பமாகிறது. நோயாளி தன் உடம்பை முழுசாகக் கொண்டு போகிறான். வைத்திய சாஸ்திரமோ பல் ஒருவருக்கு, எலும்பு ஒருவருக்கு, நரம்பு ஒருவருக்கு, சிறுநீரகம் ஒருவருக்கு என்று பாகப் பிரிவினை செய்து வைத்திருக்கிறது. ஒவ்வொருவரும் தம் பங்கை மட்டும் பார்த்தால் இந்த வியாதி யார் கண்ணிலும் படாது. எல்லாரும் ஒன்று கூடிப் பார்த்தால்தான் பிடிபடும்.

ஒரு நோயாளியின் சரித்திரம்

வைத்திய நூல்களில் காணப்படும் பல நோயாளிகளின் வரலாறுகளைச் சேர்த்து ஒரே மனிதராகச் சித்திரித்துப் பார்ப்போம். பென்னாகரம் பக்கத்து விவசாயி, வயது 48. சிறு வயதிலிருந்தே அவருடைய பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் குறுக்கே கோடுகள் உண்டு. வெற்றிலைக் கறை என்று அறியாதவர்கள் நினைப்பார்கள். ஆனால் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் பற்பொடி போட்டுத் தேய்த்தாலும் அது போகாது. ஏனெனில் அந்தக் கறை பல்லின் மேலே ஒட்டியது அல்ல, பல்லோடு பிறந்தது.

முப்பத்தைந்து வயதில் காலையில் எழுந்ததும் கைகால்கள் இறுகிப் போய் இருப்பதாக அவருக்குத் தோன்றிற்று. "வாதம்" என்றார்கள். எண்ணெய் தேய்த்துப் பார்த்தார். கஷாயம் குடித்துப் பார்த்தார். கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிப் பார்த்தார். வலி கொஞ்சம் அடங்கிற்று; பதிலுக்கு வயிற்றெரிச்சல் வந்தது. நாற்பத்திரண்டாம் வயதில், பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டுமானால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்ப வேண்டியதாயிற்று.

எலும்பு வைத்தியர் எக்ஸ்-ரே படம் எடுக்கச் சொன்னார். படத்தில் எலும்புகள் சாதாரணமாக இருக்க வேண்டியதைவிட வெள்ளை வெளேரென்று, சுண்ணக்கட்டி போல் அடர்ந்து தெரிந்தன. இப்படி எலும்பு அடர்ந்து தெரிவதற்குப் பல காரணங்கள் உண்டு. வயதான ஆண்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் புற்றுநோய் எலும்புக்குப் பரவினாலும் படம் இவ்வாறு தோன்றலாம். இந்தச் சந்தேகத்தைக் கேட்ட குடும்பத்தார் நிலைகுலைந்து போனார்கள். பரீட்சைகளில் புற்றுநோய் இல்லை என்று தெரிந்தது. ஆனால் வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகு கால்கள் மரத்துப் போகத் தொடங்கின. நரம்பு வைத்தியரிடம் போனார்கள். அவர் நோயாளியின் காலைச் சோதித்து விட்டு, யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார். வாயைத் திறக்கச் சொன்னார்.

"இந்தக் கறை எப்போதிருந்து?"

"பிறந்ததிலிருந்தே இப்படித்தாங்க, டாக்டரய்யா. எங்க ஊர்லே எல்லாருக்கும் இப்படித்தான்."

"குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?"

"ஊர்ப் போர்த் தண்ணிதாங்க."

"எங்க ஊர்லே எல்லாருக்கும்" என்ற இரண்டு மூன்று வார்த்தைகளில்தான் வியாதியின் ரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒருவருக்கு மட்டும் வந்தால் அது அவருடைய உடம்பின் கோளாறு. ஊர் முழுவதற்கும் வந்தால் ஊருக்குப் பொதுவான ஒன்றில்தான் காரணத்தைத் தேட வேண்டும்.

பல் வைத்தியரின் முப்பது வருஷத் தேடல்

இந்த உண்மையை உலகத்துக்கு முதலில் உணர்த்தியவர் ஓர் அமெரிக்கப் பல் வைத்தியர். பிரடெரிக் மக்கே என்பவர் 1901-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் தொழில் நடத்த வந்தார். அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்பு நிறக் கறை இருப்பதையும், வெளியூரிலிருந்து பெரியவர்களாக வந்து குடியேறியவர்களுக்கு அது இல்லாதிருப்பதையும் கண்டு வியந்தார். அந்நாளில் அமெரிக்கப் பல் வைத்தியர்களில் தலைசிறந்தவரான டாக்டர் பிளாக் 1909-இல் அவ்வூருக்கு வந்து தாமே ஆராய்ச்சியில் ஈடுபட்டார். காரணம் தண்ணீரில் இருக்க வேண்டும் என்று மக்கே ஊகித்தார். ஆனால் அக்காலத்து ரஸாயனப் பரீட்சைகளில் தண்ணீரில் எதுவும் அகப்படவில்லை.

1923-இல் ஐடாஹோ மாகாணத்து ஓக்லி என்ற சிற்றூரிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. ஒரு வெந்நீர் ஊற்றிலிருந்து புதிதாகக் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டு வந்த பிறகுதான் தங்கள் குழந்தைகளின் பல்லில் கறை படிகிறது என்று தாய்மார்கள் முறையிட்டார்கள். அந்தக் குழாயை விட்டுவிட்டு வேறு ஊற்றின் நீரை எடுங்கள் என்று மக்கே யோசனை கூறினார். அவ்வாறே செய்தார்கள். சில வருஷங்களில் அடுத்து வளர்ந்த குழந்தைகளுக்குப் பற்கள் வெண்மையாக முளைத்தன. குற்றவாளியின் பெயர் தெரியுமுன்பே அவனை ஊரைவிட்டு விரட்டியாயிற்று!

பெயர் தெரிந்தது 1931-இல். அர்க்கன்ஸாஸ் மாகாணத்தில் பாக்ஸைட் என்ற ஊர் அலுமினியக் கம்பெனியைச் சேர்ந்தது. அங்கேயும் குழந்தைகளின் பற்களில் கறை கண்டது. அலுமினியப் பாத்திரத்தால் கேடு என்று ஏற்கனவே ஊரார் பேசிக் கொண்டிருந்த சமயம். ஆகவே கம்பெனியின் தலைமை ரஸாயன நிபுணர் சர்ச்சில் கவலையடைந்தார். வழக்கமான முறைகளை விட்டு ஒளிப்பகுப்பு முறையால் தண்ணீரை ஆராய்ந்தார். லிட்டருக்கு 13.7 மில்லிகிராம் புளோரைடு இருப்பதைக் கண்டார். பல் வைத்தியர் முப்பது வருஷம் கேட்ட கேள்விக்கு ரஸாயன நிபுணர் பதில் சொல்லிவிட்டார்.

பல்லுக்குப் பிறகு எலும்பின் முறை. டென்மார்க் தேசத்தில் கிரயோலைட் என்னும் புளோரின் கலந்த கனிமத்தை அரைக்கும் தொழிற்சாலைத் தொழிலாளிகளின் எலும்புகள் எக்ஸ்-ரே படத்தில் விபரீதமாக அடர்ந்திருப்பதை 1932-இல் கண்டார்கள். இந்த விஷத்தைப் பற்றி டாக்டர் ரோஹோம் 1937-இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார்.

சென்னையில் நடந்த ஆராய்ச்சி

அதே 1937-ஆம் வருஷத்தில், உலக வைத்திய சரித்திரத்தில் நம் சென்னைக்கு உரிய அத்தியாயம் எழுதப்பட்டது. அந்நாளில் சென்னை ராஜதானியைச் சேர்ந்திருந்த நெல்லூர் ஜில்லாவில் சில தாலுகாக்களில், நடுத்தர வயதிலேயே முதுகு மரக்கட்டையாக இறுகிப் போன மனிதர்கள் பலர் இருந்தார்கள். மனிதர்களுக்கு முன்னால் மாடுகளே முடங்கின என்றும், ஏர் இழுக்க முடியாமல் காளைகள் படுத்துவிட்டதைக் கண்டு குடியானவர்கள் திகைத்தார்கள் என்றும் சொல்வதுண்டு.

கிண்டியில் உள்ள கிங் ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் ஷார்ட், டாக்டர் சி. ஜி. பண்டிட், தண்ணீர்ப் பரிசோதனையில் வல்லுநரான டி. என். எஸ். ராகவாச்சாரி ஆகிய மூவரும் இதைப் பற்றி ஆராய்ந்து, இது தண்ணீரிலுள்ள புளோரைடால் வருவது என்று எழுதினார்கள். அதே வருஷத்தில் ஷார்ட், மக்ராபர்ட், பார்னார்டு, மன்னாடி நாயர் ஆகியோர் சேர்ந்து, சென்னை ராஜதானியில் கண்ட இந்த வியாதியைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். குடிநீரால் மனிதரின் எலும்புகள் முடங்குவதை இந்தியாவில் முதன்முதலாக நிரூபித்தவை இந்த ஆராய்ச்சிகளே.

இந்தப் பெயர்களைச் சற்றுக் கவனியுங்கள். மக்ராபர்ட்டும் மன்னாடி நாயரும் நோயாளியைப் படுக்கையருகில் நின்று பார்க்கும் வைத்தியர்கள். பார்னார்டு எக்ஸ்-ரே நிபுணர். 1934-இல் சென்னைப் பொது ஆஸ்பத்திரியில் திறக்கப்பட்ட கதிரியக்க நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ராகவாச்சாரி தண்ணீர் ஆராய்ச்சியாளர். ஷார்ட்டோ பின்னால் 1948-இல், மலேரியாக் கிருமி மனிதனின் ஈரலில் ஒளிந்திருப்பதைத் தம் சகாவான கார்ன்ஹாமுடன் கண்டுபிடித்துப் புகழ் பெற்றவர். பண்டிட் பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலுக்குத் தலைமை வகித்து நடத்தினார். இத்தனை துறையினரும் தத்தம் அறையை விட்டு வெளியே வந்து ஒரே நோயாளியைச் சுற்றி நின்றதனால்தான் வியாதி பிடிபட்டது.

பின்னாளிலும் அப்படியே. 1960-களின் தொடக்கத்தில் பஞ்சாப் வைத்தியர்களான அமர்ஜித் சிங், ஜாலி முதலியோர், வளர்ந்த எலும்பு முதுகுத்தண்டின் நரம்பை நெரித்துக் கால்களைச் செயலற்றவையாக்குவதை விளக்கினார்கள். 1973-இல் மீரத்தைச் சேர்ந்த டியோடியா தம்பதிகள், இந்த வியாதி கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியையும் தூண்டிவிடுவதை எடுத்துக் காட்டினார்கள். அதே வருஷத்தில் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிலையத்தின் கிருஷ்ணமாச்சாரியும் கமலா கிருஷ்ணஸ்வாமியும், புளோரைடு மிகுந்த பிரதேசத்து இளைஞர்களுக்கு முழங்கால்கள் உட்பக்கம் வளைந்து ஒன்றோடொன்று முட்டும் நிலையை விவரித்தார்கள். பல், எலும்பு, நரம்பு, சுரப்பி, ஆகாரம் என்று ஐந்து சாஸ்திரங்கள் ஒரே குடத்துத் தண்ணீரில் வந்து சந்தித்தன.

அது உடம்பில் செய்கிற வேலை

நம் பல்லும் எலும்பும் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் கலந்த ஒரு படிகப் பொருளால் ஆனவை. புளோரைடுக்கு அந்தப் படிகத்தின் மேல் அளவற்ற ஆசை. குடலிலிருந்து ரத்தத்தில் கலந்ததும், ஒரு பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். மிச்சம் எலும்புக்குள் புகுந்து இடம் பிடித்துக் கொள்ளும். வளரும் குழந்தையின் எலும்பு பெரியவர்களின் எலும்பைவிட அதிகமாகவே அதை இழுத்துக் கொள்ளும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அபாயம் இன்னும் அதிகம்.

பல்லில் கறை ஏற்படுவது குழந்தைப் பருவத்தில் மட்டுமே. நிலையான பற்களின் மேற்பூச்சு ஈறுக்குள்ளேயே, ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகிவிடுகிறது. அந்தக் காலத்தில் குடித்த தண்ணீரில் புளோரைடு அதிகம் இருந்தால் பூச்சு சரியாக இறுகாமல், பிற்பாடு பழுப்பேறுகிறது. எட்டு வயதுக்கு மேல் அவ்வூருக்குக் குடி போனவனுக்குப் பல்லில் கறை வராது. ஆனால் எலும்பில் வரக் கூடும். ஆகவே கறை படிந்த பல் என்பது, ஒருவன் குழந்தையாக இருந்தபோது எந்தத் தண்ணீர் குடித்தான் என்பதற்கு அழியாத அத்தாட்சி.

எலும்பிலோ, ஆண்டுகள் செல்லச் செல்ல எலும்பு தடித்து அடர்கிறது. எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்கள் சுண்ணாம்பேறிக் கெட்டிப்படுகின்றன. முன்கையின் இரண்டு எலும்புகளுக்கு இடையேயுள்ள சவ்வில் முள் முள்ளாக எலும்பு படர்வதை எக்ஸ்-ரே படத்தில் கண்டால் அனுபவமுள்ள வைத்தியர் உடனே சந்தேகப்படுவார்.

எவ்வளவு இருந்தால் கெடுதல்? லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பு. நம் இந்தியத் தர நிர்ணயத்தில் 1 மில்லிகிராமே விரும்பத்தக்க அளவு; வேறு நீருக்கு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம். 3 முதல் 6 மில்லிகிராம் வரையுள்ள நீரை நெடுநாள் குடித்தால் எலும்பில் மாறுதல் காணக்கூடும். வெயிலில் உழைத்து நிறையத் தண்ணீர் குடிப்பவர்களுக்கும், போஷாக்கு இல்லாதவர்களுக்கும் இதைவிடக் குறைந்த அளவே போதும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மிகச் சிறிய அளவில் புளோரைடு பல்லைச் சொத்தையிலிருந்து காக்கிறது. இந்தக் காரணத்தால் அமெரிக்காவில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தார் 1945-இல் தங்கள் குடிநீரில் அதை வேண்டுமென்றே கலக்கத் தொடங்கினார்கள். அவர்கள் காசு கொடுத்துக் கலந்ததை நம் தருமபுரிப் பாறைகள் இலவசமாக, அளவுக்கு மிஞ்சிக் கலந்து கொடுக்கின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பெரியோர்கள் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

தருமபுரிக்கு ஏன்?

தருமபுரி 1965 வரையில் சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. கிருஷ்ணகிரி 2004-இல் அதிலிருந்து பிரிந்தது. மாவட்டங்களின் எல்லை மாறினாலும் அடியிலுள்ள பாறை மாறுவதில்லை. அபிரகம், ஹார்ன்பிளெண்டு, அபடைட் முதலிய கனிமங்கள் கலந்த பழமையான கடும் பாறை அது. இந்தக் கனிமங்களில் புளோரின் உண்டு. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கியிருக்கும் நீர் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கொள்கிறது. நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருந்தால் புளோரைடைப் பிடித்து அடியில் படியவைத்து விடும். அது குறைந்து, சோடா உப்பு மிகுந்த நீரில் தடையின்றிக் கரைகிறது. மழை குறைவு, வெயில் அதிகம். ஆகையால் கரைந்ததை நீர்த்துப் போகச் செய்ய வழியில்லை.

மனிதர் செய்த நன்மையும் இதில் ஒரு வழியில் கெடுதலாக முடிந்தது. திறந்த கிணற்று நீரில் காலராவும் வயிற்றுப்போக்கும் வருகின்றன என்று அஞ்சி, 1960-களின் பஞ்சத்துக்குப் பிறகு தேசமெங்கும் கடும் பாறையைத் துளைத்துக் கைப்பம்புகள் போட்டார்கள். கிருமியில்லாத நீர் கிடைத்தது. எத்தனையோ குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் ஆழத்துப் பாறையோடு நெடுநாள் உறவாடிய நீரில் கிருமிக்குப் பதில் புளோரைடு இருந்தது. கிருமி உண்டா என்று பார்த்தவர்கள் புளோரைடு உண்டா என்று எல்லா ஊரிலும் பார்க்கவில்லை.

மருந்துக் கடையில் இல்லாத மருந்து

இந்த வியாதிக்கு மருந்து என்ன என்று கேட்பீர்கள். இறுகிய முதுகை மீண்டும் வளைய வைக்கும் மருந்து இன்றளவும் இல்லை. நரம்பை நெரிக்கும் எலும்பைச் சஸ்திர சிகிச்சையால் அகற்றிச் சிலருக்கு ஓரளவு நிவாரணம் தரலாம். வலி மாத்திரை வலியை மறைக்கும், வியாதியை நிறுத்தாது. நிறுத்துவது ஒன்றே ஒன்றுதான்: நல்ல தண்ணீர். தண்ணீரை மாற்றிய பிறகு புதிய கெடுதல் சேராது. எலும்பிலுள்ள புளோரைடும் மெல்ல மெல்லக் குறையத் தொடங்கும்.

குடும்பத் தலைவிகள் முக்கியமாக அறிய வேண்டிய ஒரு விஷயம் உண்டு. தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் ஆவியாகிச் சுண்டுவதால் அதன் விகிதம் கொஞ்சம் அதிகமே ஆகும். துணியில் வடிகட்டினாலும் போகாது. குடிக்க மட்டும் நல்ல நீரை வைத்துக் கொண்டு, சோற்றுக்கும் களிக்கும் குழம்புக்கும் பழைய நீரையே ஊற்றினால் பாதி வேலைதான் செய்ததாகும். ஏனெனில் அரிசியும் கேழ்வரகு மாவும் தண்ணீரைத் தம்முள் இழுத்துக் கொண்டுதான் வேகின்றன.

புளோரைடைப் பிரிக்க வழிகள் உண்டு. படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து நீரைத் தெளியவைக்கும் முறையை நாகபுரி சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களில் வகுத்தார்கள். அதற்கு நல்கொண்டா முறை என்று பெயர். அலுமினா மணிகளின் வழியே நீரைச் செலுத்தும் முறையும், நுண்சவ்வில் அழுத்தி வடிக்கும் முறையும் இருக்கின்றன. எல்லாம் நல்லவையே. ஆனால் எதற்கும் தினசரிக் கவனமும், அளவறிந்து போடும் கையும், பழுதானால் சரி செய்யும் ஆளும் வேண்டும். அலுமினா மணிகளைக் காலாகாலத்தில் புதுப்பிக்காவிட்டால் இயந்திரம் ஓடிக் கொண்டே இருக்கும். புளோரைடும் வந்து கொண்டே இருக்கும்.

ஆகாரமும் கொஞ்சம் துணை செய்யும். சுண்ணாம்புச் சத்துள்ள உணவு, குடலிலேயே புளோரைடைக் கட்டிப் போட்டு அது ரத்தத்தில் சேர்வதைக் குறைக்கிறது. பால், மோர், கீரை ஆகியவற்றோடு தருமபுரிச் சீமையின் சொந்தத் தானியமான கேழ்வரகும் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. ஸி வைட்டமின் உள்ள பழங்களையும் நிபுணர்கள் சிபாரிசு செய்கிறார்கள். அதில் முதல் வரிசையில் நிற்பது அதியமானின் நெல்லிக்கனியே! ஆயினும் இவை துணைகளே அன்றி நல்ல தண்ணீருக்கு ஈடாகா.

காவேரி மலையேறிய வரலாறு

கொடுமை என்னவென்றால், கெட்ட கிணறுகளுக்கு அருகிலேயே காவேரி ஓடிக் கொண்டிருந்தது. தருமபுரி மாவட்டத்தின் எல்லையில் ஒகேனக்கல்லில் பாறைகளைப் பிளந்து கொண்டு விழுகிற அந்த மேற்பரப்பு நீரில் புளோரைடு மிகக் குறைவு. ஆனால் ஆறு பள்ளத்தில், ஊர்கள் மேட்டில். மேலும் காவேரி இரு மாநிலங்களுக்கு இடையே வழக்காக உள்ள ஆறு. நீரை மேலேற்றிக் கொண்டு வர யந்திரம் மட்டும் போதாது. சம்மதமும் பணமும் வேண்டியிருந்தன.

1998-இல் மத்திய அரசின் முன்னிலையில் இதற்கு வழி பிறந்தது. 2008-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். அதே வருஷத்தில் கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளர்ச்சியும் எழுந்தது. ஜப்பான் சர்வதேசக் கூட்டுறவு ஸ்தாபனத்தின் கடனுதவியோடு, ரூ. 1,928.80 கோடி மதிப்பில் வேலை நடந்தது. 2013-ஆம் வருஷம் மே மாதத்தில் அன்றைய முதல்வர் ஜெ. ஜெயலலிதா திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் காவேரி நீர் குழாய் வழியே வரலாயிற்று. தேக்கம் வேண்டும், பாசனம் வேண்டும் என்று எத்தனையோ திட்டங்கள் உண்டு. ஒரு வியாதியின் பெயரையே தன் பெயரில் தாங்கிய குடிநீர்த் திட்டம் இது. ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரோஸிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் என்பதே அதன் முழுப் பெயர்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னை ஆராய்ச்சியாளர்கள் காரணத்தை எழுதி வைத்தது 1937-இல். குழாயில் காவேரி வந்தது 2013-இல். இடையே 76 வருஷங்கள். காரணம் தெரியாததனால் வந்த தாமதம் அன்று இது; தெரிந்த பின்னும் வந்த தாமதம். ஆராய்ச்சி அறையிலிருந்து குடிசை வாசலுக்குள்ள தூரத்தைக் கடக்க இரண்டு மூன்று தலைமுறைகள் ஆயின. இந்தத் தலைமுறைகளின் முதுகில்தான் அந்தத் தாமதம் ஏறி உட்கார்ந்திருந்தது. வைத்திய சாஸ்திரம் தன் கடமையைச் செய்துவிட்டு நின்ற இடத்தில், எஞ்சினியரும் சர்க்காரும் பொது ஜனங்களும் தங்கள் கடமையைத் தொடங்க வேண்டியிருந்தது.

இனிச் செய்ய வேண்டியது

குழாய் வந்துவிட்டதால் கதை முடிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. குழாயில் நீர் வராத நாளில் பழைய போர்க் குழாய்தான் நினைவுக்கு வரும். ஜனத்தொகை பெருகினால் ஒரே குழாய் நீர் பலருக்குப் போதாமற் போகும். தொட்டியில் இரண்டு நீரையும் கலந்து விட்டாலோ, காவேரியோடு கெட்ட நீரும் சேர்ந்து வீட்டுக்கு வரும். ஆகவே நீரை அடிக்கடி பரீட்சித்து, அளவை ஊரார் அறியும்படி எழுதி வைப்பது ஒவ்வொரு ஊராட்சியின் பொறுப்பு. எந்தப் போர்க் குழாய் குடிக்கத் தகாதது என்று அதன் மேலேயே அடையாளம் போட்டுவிடலாம். குளிக்கவும் துணி துவைக்கவும் அந்த நீரால் யாதொரு கெடுதலும் இல்லை.

வைத்தியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தருமபுரிப் பக்கத்து நோயாளி மூட்டு வலி என்று வந்தால், மாத்திரைச் சீட்டு எழுதுவதற்கு முன் பல்லைப் பார்க்க வேண்டும். தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டும். இதற்குப் பெரிய கருவிகள் அவசியமில்லை. முழங்காலை மடக்காமல் குனிந்து தரையிலுள்ள காசை எடுக்க முடிகிறதா? மோவாயால் மார்பைத் தொட முடிகிறதா? இரு கைகளையும் விரித்து மடக்கித் தலையின் பின்புறத்தைத் தொட முடிகிறதா? இந்த மூன்றும் கஷ்டமானால் மேற்கொண்டு சிறுநீரையும் தண்ணீரையும் பரீட்சித்து, எக்ஸ்-ரே படமும் எடுத்துப் பார்க்கலாம்.

தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியது இதைவிட முக்கியம். கர்ப்பிணிகளுக்கும், எட்டு வயது நிரம்பாத குழந்தைகளுக்கும் வீட்டிலுள்ள நல்ல தண்ணீரில் முதல் பங்கு தரவேண்டும். குடும்பத்துக்குப் போதிய நல்ல நீர் இல்லாத நாளிலும் குழந்தையின் குவளைக்கு மட்டுமாவது அது இருக்கட்டும். மழை நீரில் புளோரைடு அநேகமாக இல்லை. ஓட்டு வீடானாலும் மாடி வீடானாலும், கூரையில் விழும் மழையைச் சுத்தமாகப் பிடித்து மூடி வைத்தால் ஒரு குழந்தையின் தாகத்துக்குச் சில மாதங்கள் உதவும்.

கறை படிந்த பல்லை ஒரு பெண்ணின் குறையாகக் கருதிக் கல்யாணப் பேச்சை முறிப்பது எவ்வளவு அநியாயம் என்பதையும் இனி நாம் உணர வேண்டும். அந்தக் கறை அவள் பல் துலக்காததால் வந்ததன்று. பரம்பரைக் குற்றமும் அன்று. அவள் பிள்ளைகளுக்கு அது தொற்றாது. அவள் குழந்தையாக இருந்தபோது ஊரார் அவளுக்குக் கொடுத்த தண்ணீரின் குற்றம் அது.

திட்டம் பலித்ததா என்று அறியப் பெரிய அறிக்கைகளைப் புரட்ட வேண்டியதில்லை. நிலையான முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் முளைக்கின்றன. காவேரி நீர் வந்த பின் பிறந்த குழந்தைகள் தருமபுரிப் பள்ளிக்கூடங்களில் படித்துக் கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பள்ளியிலும் வருஷத்துக்கு ஒரு முறை ஒரு பல் வைத்தியர் வந்து அவர்களுடைய பற்களைப் பார்த்துக் குறித்துக் கொண்டால் போதும். வெண்மையான பற்கள் முளைத்த ஊரில் குழாய் தன் வேலையைச் செய்திருக்கிறது. கறை கண்ட ஊரில் இன்னும் யாரோ பழைய கிணற்று நீரையே குடித்துக் கொண்டிருக்கிறார்கள்; அந்த ஊருக்கு உடனே போய்த் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். அந்தக் குழந்தைகளின் முதுகு இறுகுவதற்கு இன்னும் முப்பது வருஷம் இருக்கிறது. தடுத்துவிட அவ்வளவு காலம் நமக்கு இருக்கும்போது, இந்த முறையாவது தாமதம் செய்யாதிருப்போமாக.